தலைவரின் வீட்டுக்காரர்

நல்ல மனிதர்கள் கொஞ்சம் தூரத்தில் இருப்பதுதான் மற்றவர்களுக்கு நல்லது. ஒரே ரூமில், அதுவும் அடுத்த கட்டிலில், ஒருவர் நாள் முழுக்க நல்லவராகவே இருந்து தொலைத்தால் கூட இருப்பவன் பாடு என்ன ஆகும் என்று யாராவது யோசித்ததுண்டா? குவைத்தில், ஃபர்வானியாவின் ஒரு மூன்றாம் மாடி ஃப்ளாட்டில் அந்தப் பாட்டை நான் வருஷக்கணக்கில் பட்டேன்.

அவர் எங்கள் ஊர்க்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கட்டட மெயின்டனன்ஸ் கம்பெனியில் அவர் எலக்ட்ரீஷியன், நான் பிளம்பர். ஒரே வேனில் டூட்டிக்குப் போய் ஒரே வேனில் திரும்புவோம். நான் அண்ணே என்பேன், அவர் தம்பி என்பார். ஆனால் அந்தத் தம்பிக்குப் பிறகு வருவதெல்லாம் வாங்க, உக்காருங்க, சாப்பிட்டீங்களா என்றுதான் இருக்கும். அவர் வாயிலிருந்து ஒருமை வந்து நான் கேட்டதில்லை. மாடிப்படியில் படுத்துக் கிடக்கும் பூனையிடம்கூட, "கொஞ்சம் தள்ளிக்குங்க" என்று சொல்லிவிட்டுத்தான் தாண்டுவார்.

அதுகூடப் பரவாயில்லை. அவருக்கு இன்னொரு வியாதி இருந்தது. எதையும் கூடிப் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். ரூமில் ஆறு பேர், ஒரு மெஸ். என்ன சமைப்பது, யார் எப்போது குளிப்பது, ஏசியை எதில் வைப்பது, எல்லாவற்றுக்கும் வெள்ளிக்கிழமை கூட்டம். ரூமில் ஒருவரான, கீழே பக்காலா என்கிற மளிகைக் கடை வைத்திருந்த அதிராம்பட்டினத்து ஹாஜா பாய் தொழுகை முடிந்து வரும்வரை கூட்டம் தொடங்காது. நாலு பேர் ஏற்கெனவே பசியோடு உட்கார்ந்திருப்போம். "ஒருத்தர் இல்லாம எப்படிங்க ஆரம்பிக்கறது?" என்பார். பேச வேண்டுமென்றால் கை தூக்க வேண்டும். கட்டிலில் சாய்ந்துகொண்டு நான் கை தூக்கினால், உட்கார்ந்து தூக்கச் சொல்வார். வாயில் நன்றாக வரும் எனக்கு.

மீன் விஷயத்தை மட்டும் சொல்கிறேன், மற்றதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். ஒரு வெள்ளிக்கிழமை காலையிலேயே போய் நல்ல ஷேரி மீனாகப் பார்த்து வாங்கி வந்திருந்தேன். இனிமேல் வாரம் மூன்று நாள் மீன் என்று ஐந்து பேர் கை தூக்கியாகிவிட்டது. ஆறாவது ஆள் பீகார்க்காரன் முகேஷ், பெயின்டர், சைவம். அவன் யார் வம்புக்கும் போகாதவன், தன் கட்டிலில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தான். இவர் விடுவாரா? பேசியதை எல்லாம் முதலிலிருந்து தன் அரைகுறை இந்தியில் அவனுக்குச் சொல்லி, உங்கள் கருத்து என்ன என்று கேட்டார். அவன் எனக்கு ஒன்றும் இல்லை அண்ணா என்றான். ஒன்றும் இல்லை என்பது கருத்து இல்லை, மனசில் இருப்பதைச் சொல்லுங்கள் என்றார் இவர். அவன் மறுபடியும் சிரித்து மழுப்பினான். இவர் மறுபடியும் கேட்டார். கடைசியில் அந்தப் புண்ணியவான் நகவெட்டியைக் கீழே வைத்துவிட்டு, ரூமுக்கு வந்த நாளிலிருந்து மீன் வாடையில் தனக்குச் சோறு இறங்குவதில்லை என்றும், குப்பூஸ் ரொட்டியை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்த்தான் சாப்பிடுவதாகவும் சொன்னான். எல்லோருக்கும் முகம் தொங்கிப் போயிற்று. வாரத்தில் ஒரே நாள் மீன், அதுவும் ஜன்னலைத் திறந்து வைத்து என்று முடிவாகி, கூட்டம் கலையும்போது என் ஷேரி மீன் ஐஸ் கரைந்து தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. முகேஷ் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அவனைக் கிளறியவரை அன்று முழுக்கத் திட்டினேன், மனசுக்குள்தான்.

இப்படிப்பட்ட மனிதரின் மனைவி எங்கள் ஊராட்சி மன்றத் தலைவராக ஜெயித்தார்.

பெண்களுக்கு ஒதுக்கிய ஊராட்சி அது. எங்கள் பக்கத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். போஸ்டரில் பெண் படம் இருக்கும், நாற்காலியில் புருஷன் இருப்பான். பக்கத்து ஊரில் தலைவரம்மா கையெழுத்துப் போட மட்டும் ஆபீசுக்கு வருவார், அதுவும் புருஷன் விரல் வைத்துக் காட்டிய இடத்தில். ஆகவே குவைத்தில் இருந்த எங்கள் ஊர்க்காரர்கள் போட்ட கணக்கு சுலபமானது. அம்மா ஜெயித்தால் ஐயாதான் தலைவர். ஐயா இருப்பதோ ஃபர்வானியாவில், பஸ் ஏறினால் பார்த்துவிடலாம். அடித்தது யோகம் என்று அடுத்த வெள்ளிக்கிழமையே ஃபஹாஹீலிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் பொன்னாடை, பிரியாணி தூக்கோடு வந்து இறங்கினார்கள்.

இவர் பொன்னாடையைத் தோளில் வாங்கவே இல்லை. கையில் வாங்கி மடித்து வைத்துவிட்டு, மனைவிக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "தலைவரே, ஊர்க்காரங்க உங்களுக்கு வாழ்த்துச் சொல்ல வந்திருக்காங்க" என்றார். சொந்தப் பெண்டாட்டியை! அப்புறம் ஒவ்வொருவரிடமும் போனை நீட்டினார். அடுத்த வீட்டுப் பெண்ணிடம் போனில் பேசிப் பழக்கமில்லாதவர்கள் எல்லாம் அதைச் சூடான சட்டிபோலப் பிடித்துக்கொண்டு, வணக்கம்ங்க, வாழ்த்துகள்ங்க என்று உளறிவிட்டு அடுத்தவர் கையில் தள்ளினார்கள். பிரியாணி தின்ன வந்த கூட்டத்துக்குப் பாதிப் பசி போய்விட்டது. பொன்னாடை லீவில் போன ஓர் ஆள் மூலம் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது.

அன்றிலிருந்து ஊர் விஷயமாக அந்தம்மா பேசினால் போன் ஸ்பீக்கரில்தான் இருக்கும். ஊராட்சி விஷயத்தில் ஒளித்துப் பேச ஒன்றுமில்லை, நாளைக்கு நான் பின்னாலிருந்து ஆட்டி வைக்கிறேன் என்று யாரும் சொல்லக் கூடாது என்பார் இவர். எந்தத் தெருவில் எந்த விளக்கு எரியவில்லை, எந்த மோட்டாருக்குக் காயில் எரிந்துபோயிற்று என்பதெல்லாம் குவைத்தில் ஆறு பேருக்கு மனப்பாடம். அந்தம்மா நடந்ததைச் சொல்வார். இவர் கேட்டுக்கொள்வார். இப்படிச் செய்யுங்கள் என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. பிறகு ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் பால்கனிக்குப் போய் மகளைப் பற்றிப் பேசுவார்.

இனி என் கதை. என் வீடு பின்தெருவில். ஊரில் குழாய்த் தண்ணீர் வராத ஒரே தெரு அதுதான். தண்ணீர் வேண்டுமென்றால் பைபாஸைத் தாண்டி அந்தப் பக்கத்துத் தொட்டிக்குப் போக வேண்டும். லாரி எமன் மாதிரி வரும் ரோடு. என் மனைவி கோமதி அப்போது ஏழு மாதம். இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடத்தோடு தினம் ரெண்டு நடை அந்த ரோட்டைத் தாண்டிக்கொண்டிருந்தாள். நான் இங்கே குவைத்துக்காரர் வீட்டு மூன்றாம் மாடிக் குளியலறைக்குத் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருப்பேன். காலையில் அவள் போன் வரக் கொஞ்சம் தாமதமானாலும் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு நானே கூப்பிடுவேன்.

மெயின் ரோடு வரை குழாய் வந்திருக்கிறது, ஒரு சந்து தாண்டினால் எங்கள் தெரு. தலைவரின் புருஷன் என் பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கிறார். ஒரு வார்த்தை போதாதா? கேட்டேன்.

"அண்ணே, அண்ணிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே."

"என்ன விஷயம் தம்பி?"

சொன்னேன். அவர் முழுசாகக் கேட்டார். முகத்தில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. பிறகு சொன்னார்: "இது வீட்டுல சொல்ற விஷயம் இல்ல, தலைவர்கிட்ட சொல்ற விஷயம். அதை நான் சொல்லக் கூடாது. மே ஒண்ணாம் தேதி கிராம சபை. உங்க வீட்டம்மாவைப் போய்க் கேக்கச் சொல்லுங்க."

"அவ ஏழு மாசம்ணே."

"உக்கார நாற்காலி போடச் சொல்றேன். அந்த அளவுக்கு நான் சொல்லலாம்."

எனக்கு எப்படி இருந்திருக்கும்? கோமதி நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள். ரேஷன் கடையில் எடை குறைந்தால்கூட வீட்டுக்கு வந்து என்னிடம் போனில் சொல்பவள். அவள் போய் மைக் முன்னால் நிற்க வேண்டுமாம். இவருக்கு ஒரு நிமிஷ வேலை, அதைச் செய்யாமல் சட்டம் பேசுகிறார். உங்கள் பெண்டாட்டி இப்படிக் குடம் தூக்கினால் பேசாமல் இருப்பீர்களா என்று கேட்டுவிட்டேன். இருக்க மாட்டேன், அவங்களையும் சபைக்குப் போகச் சொல்வேன் என்றார். அதோடு அவரிடம் பேச்சை நிறுத்தினேன். அவர் நிறுத்தவில்லை. காலையில் என் ஃபிளாஸ்க்கில் டீ ஊற்றி வைப்பார், வேனில் ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுப்பார். எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதுபோல இருக்கும்.

இதற்கு நடுவில் அவருடைய சொந்த அண்ணன் ஊரிலிருந்து கூப்பிட்டதையும் கேட்டேன். அதே குழாயைத் தன் தோப்புப் பக்கம் திருப்பிவிடத் தம்பிப் பெண்டாட்டியிடம் சொல்லும்படி கேட்டார். இவர் அவருக்கும் அதே மே ஒண்ணாம் தேதியைச் சொன்னார். அந்த அண்ணன், இனி உன் குடும்பத்தோடு உறவே வேண்டாம் என்று கத்திவிட்டு போனை வைத்தார். அதைக் கேட்டும் என் கோபம் குறையவில்லை. தோப்புக்குக் கேட்கிறவனும் குடிக்கக் கேட்கிறவனும் ஒன்றா?

கோமதியிடம் சொன்னேன். "சரி, போறேன்" என்றாள்.

மே ஒண்ணாம் தேதி சாயங்காலம் டூட்டி முடிந்து வந்தால், ஊர் வாட்ஸ்ஆப் குரூப்பில் சபை வீடியோ வந்திருந்தது. ரூமில் எல்லோரும் ஒரே போனைச் சுற்றி நின்று பார்த்தோம். அவரும்தான். பள்ளிக்கூட வேப்பமரத்தடி. கோமதிக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். அவள் அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எங்கள் தெருவுக்கு ஏன் குழாய் வரவில்லை என்று கேட்டாள். மெயின் ரோட்டிலிருந்து வருகிற சந்து குறுகல், ஒரு பக்கம் சாக்கடை, மறுபக்கம் இடமில்லை, அதனால் தோண்ட முடியவில்லை என்று செயலர் பதில் சொன்னார். கோமதி உட்கார்ந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் உட்காரவில்லை.

"மறுபக்கம் எடம் இருந்துச்சுங்க. அந்த எடத்துலதான் தலைவர் வீட்டுப் படி இருக்கு. குழாய் வரணும்னா அந்தப் படி போகணும்."

சந்து முனையில் இருந்தது அவர் வீடு. பதினெட்டு வருஷக் குவைத்துச் சம்பாத்தியம். கறுப்பு கிரானைட்டில் படியும் தூணும் வைத்துக் கட்டியது. கட்டி முடித்த பிறகு ஒரே ஒரு லீவுக்குத்தான் அவர் அதில் ஏறி இறங்கியிருக்கிறார். என் பெண்டாட்டி அதை இடிக்கச் சொல்கிறாள், நான் அவருக்குப் பக்கத்தில் நின்று அதைப் பார்க்கிறேன். வீடியோவில் அந்தம்மா மைக்கைக் கையில் வாங்கினார். பிறகு, சர்வேயரை வைத்து அளப்போம், புறம்போக்கில் இருந்தால் எடுத்துவிடுவோம், சம்மதமா என்று கூட்டத்தைக் கேட்டார். கைகள் எழுந்தன. வீடியோ முடிந்தது. ரூமில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

நான்தான் வாயைத் திறந்தேன். அத்தனை நாள் பேசாமல் இருந்தவன். "அண்ணே, அவ அப்படிப் பேசியிருக்கக் கூடாது, மன்னிச்சிருங்க" என்றேன்.

அந்த மனிதருக்குக் கோபம் வந்து அன்றுதான் பார்த்தேன். "அவங்க கேக்காம வேற யார் கேப்பா? அவங்க பேசினதுக்கு மன்னிப்புக் கேக்க நீங்க யாருங்க?" என்றார். கோபத்திலும் அந்த 'ங்க' மட்டும் போகவில்லை. பார்த்துக்கொள்ளுங்கள், மன்னிப்புக்கூடக் கேட்க விடாத மனிதர்.

பத்து நாள் கழித்து ஒரு சாயங்காலம். அவர் சமையல் முறை. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார், நான் தொட்டியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அந்தம்மா போன். வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டார்.

"ஸ்பீக்கர்ல இருக்கா?" என்றார் அந்தம்மா. அதற்கு முன்னால் அப்படிக் கேட்டதே இல்லை.

"ஆமா தலைவரே. ஊர் விஷயம்தானே?"

"சர்வேயர் அளந்துட்டாரு. படி முழுக்க சந்துலதான் இருக்கு. தூண் ஒண்ணும் வருது."

அவர் கத்தியைக் கீழே வைத்தார். சட்டம் பேசுகிறவர் இப்போது என்ன பேசுவார் என்று நான் குழாயை மூடிவிட்டு நின்றேன். உண்மையைச் சொன்னால், வேண்டாம் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நன்றாக இருக்கும் என்றுகூட எனக்குத் தோன்றியது. அப்புறம் அவரை வயிறாரத் திட்டலாமே.

"சபையில எல்லாரும் கை தூக்கினாங்கல்ல?" என்றார்.

"தூக்கினாங்க. நானும் தூக்கினேன்."

"அப்ப எங்கிட்ட கேக்க என்ன இருக்கு தலைவரே? இடிச்சிடுங்க."

அந்தம்மா போனை வைத்துவிட்டார். இவர் பால்கனிக்குப் போகவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடியும் வெங்காயத்தை எடுத்தார். அன்று குழம்பில் உப்பு வாயில் வைக்க முடியவில்லை. முகேஷ்கூடத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு பேசாமல் சாப்பிட்டு முடித்தான்.

குழாய் வந்தது. கோமதிக்குப் பெண் குழந்தை பிறந்தபோது வீட்டு வாசலிலேயே தண்ணீர் இருந்தது. அவரிடம் நன்றி சொன்னேன். கேட்டது உங்க வீட்டம்மா, முடிவு பண்ணது சபை, எனக்கு எதுக்குங்க என்றார். இப்படிப்பட்டவரிடம் என்ன செய்ய முடியும்? தலையில் அடித்துக்கொள்ளத்தான் முடியும்.

குழந்தையைப் பார்க்க லீவில் போனபோது வீட்டில் கொடுக்கும்படி ஒரு பார்சல் தந்தார். பால் பவுடர், கோடாலித் தைலம், மகளுக்கு ஒரு பை. மறுநாள் கொண்டு போனேன். கிரானைட் படி இருந்த இடத்தில் சிமென்ட் கல்லை மூன்றாக அடுக்கி வைத்திருந்தார்கள். வாசல் இடுப்பு உயரத்தில் நின்றது, தூண் இருந்த பக்கம் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. கல் ஆட ஆட ஏறிப் போனேன். "வணக்கம் தலைவரே" என்றேன், ரூம் பழக்கத்தில்.

அந்தம்மா டீ கொண்டு வந்து கொடுத்தார். குழந்தையைப் பற்றிக் கேட்டார், கோமதியைப் பற்றிக் கேட்டார். அவர் உடம்பு எப்படி இருக்கிறது, நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா என்று கேட்டார். நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு நான் போன் பண்ணப்ப நீங்களும் பக்கத்துல இருந்தீங்களாமே."

"இருந்தேன்ங்க."

"இடிக்கறதுன்னு முடிவு பண்ணிட்டுத்தான் போன் பண்ணேன். அதுக்கு அவரைக் கேக்கணும்னு இல்ல. அவரு வெயில்ல நின்னு அனுப்பினதுல வச்ச படி. அதுல உக்காந்து ரெண்டு பேரும் ஒரு சாயங்காலம்கூடப் பேசினதில்ல, அதுக்குள்ள போகுதேன்னு இருந்துச்சு. அதைச் சொல்லத்தான் பண்ணேன். மனசு கஷ்டமா இருக்கான்னு ஒரு வார்த்தை கேப்பாருன்னு நெனச்சேன்." டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டார். "அந்த மனுசன் தலைவரேன்னுட்டாரு."

வருகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். சந்துக்கு வந்ததும் மண்டைக்கு ஏறிவிட்டது. அங்கேயே நின்று அவருக்கு போன் போட்டேன்.

"சொல்லுங்க தம்பி. தலைவர்கிட்ட பார்சல் குடுத்தாச்சா?" பின்னால் முகேஷ் யாருடனோ இந்தியில் சிரித்துப் பேசுவது கேட்டது.

"முதல்ல ஸ்பீக்கரை அமத்துங்கண்ணே."

"ஏன், ஊர் விஷயம் இல்லையா?"

"இல்லண்ணே, உங்க வீட்டு விஷயம். உங்களுக்கெல்லாம் எதுக்குண்ணே பொண்டாட்டி?" என்று கத்திவிட்டேன். சந்தில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

முகேஷின் சிரிப்பு சட்டென்று நின்றது. பால்கனிக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"அழுதாங்களா தம்பி?" என்றார்.